பட்டில் எழுதிய சிலேடை

ஆடையைக் காண்பது வேறு. ஆடையைப் படிப்பது வேறு. கண்ணுடையார் எவரும் காணலாம். படிப்பதற்கோ ஒரு மொழியின் துணை வேண்டும். அம்மொழிக்குரிய மக்கள் எந்த நாளில் எதை விரிப்பர், எந்த நாளில் எதை மடித்து வைப்பர் என்னும் வழக்கறிவும் வேண்டும். பழஞ்சீனப் பட்டுப் பூவேலை இவ்விரண்டையும் நம்மிடம் வேண்டி நிற்கும் கலையாகும். அதனை 'அழகு' என்று மட்டும் பாராட்டி நகர்தல், ஒரு செய்யுளின் எழுத்து வடிவு நன்றாக இருக்கிறது என்று சொல்லி நூலை மூடிவைத்தலை ஒக்கும்.

கெடா மாநிலத்துத் தமிழராகிய நாம் சீனரோடு அடுத்தடுத்து வாழத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. தோட்டத்துக்குள் நம் லயம். தோட்டத்து முச்சந்தியில் அவர் கடை. அரிசியும் கருவாடும் மண்ணெண்ணெயும் கடனாகப் பெற்று, '555' குறிப்பேட்டில் எழுதி வைத்து, சம்பள நாளில் தீர்த்து வந்த உறவு அது. நம் சிறுகதைகளில் சீனக் கடைக்காரர் வருகிறார். அவருடைய மணிச்சட்டமும் கடன் கணக்கும் வருகின்றன. புத்தாண்டில் அவர் வாசல் நிலையின்மேல் கட்டிய சிவப்புப் பட்டு, நான் படித்த அளவில், வருவதில்லை. வந்தாலும் 'சீனப்பட்டு' என்னும் ஓர் அடைமொழியாக, ஒரு பெண்ணின் மேனிக்கு உவமையாக வந்து மறைகிறது. பட்டின் மென்மையை நாம் தொட்டோம். அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

இக்குறையைப் பிறர்மேல் ஏற்றிப் பேசுமுன் என் குறையைச் சொல்லிவிடுதல் முறையாகும்.

சிவப்பு மையின் பிழை

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு 'நான் கண்ட ஒரு விழா' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். ஒரு மாணவியின் தாயார் பட்டணத்தில் ஒரு சீனர் இல்லத்தில் வேலை செய்பவர். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளையொட்டி அவ்வீட்டார் விண்ணரசரை வழிபட்டதை அச்சிறுமி எழுதியிருந்தாள். உயரமான மேசை, இருபுறமும் தோகையோடு கட்டிய கரும்பு, மேசையின் முன்புறம் தொங்கிய சிவப்புப் பட்டுத் திரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, அத்திரையில் ஐந்து வௌவால்கள் இருந்தன என்றும், அவை நல்வாழ்வைத் தருவன என்றும் முடித்திருந்தாள்.

நான் 'வௌவால்' என்னும் சொல்லை அடித்து, 'பட்டாம்பூச்சி' என்று சிவப்பு மையால் திருத்தினேன். பாழ்மண்டபத்தில் தொங்கும் உயிர் மங்கலப் பட்டில் எப்படி வரும் என்பது என் எண்ணம். மறுநாள் அம்மாணவி ஏட்டோடு வந்து, "ஐயா, அந்த வீட்டுப் பாட்டியே சொன்னார். வௌவால்தான் ஐயா" என்றாள். "பாட்டி சொன்னதை நீ சரியாகக் கேட்டிருக்க மாட்டாய் அம்மா" என்று கூறி அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பெண் அதற்கு மேல் தலைமையாசிரியரிடம் என்ன பேசுவாள்?

ஒரு திங்கள் கழித்து வேறு காரியமாக அப்பட்டணம் சென்றபோது, மாணவியின் தாயாரோடு அவ்வீட்டுக்குப் போனேன். மூதாட்டி கற்பூரமரப் பெட்டியைத் திறந்து, அந்தப் பட்டை மேசைமேல் விரித்தார். தம் மாமியார் காலத்திலிருந்து அவ்வீட்டில் இருப்பது என்றார். மேலே ஒடுக்கமான ஒரு பட்டி; அதன்கீழ் அகன்ற பெரும்பகுதி. ஹொக்கியன் மக்கள் இதனைத் 'தோக் வீ' என்பர். மேசைத் திரை என்பது பொருள். நடுவில் ஒரு சிங்கம். அதனைச் சூழ்ந்து ஐந்து வௌவால்கள். ஒன்றைச் சுட்டி, மலாயில் 'கெலாவார்' என்றார். பிறகு விரலை நெஞ்சில் வைத்து, 'ஹோக்' என்றார்.

ஹொக்கியன் மொழியின் எழுத்து வழக்கில் வௌவாலைக் குறிக்கும் எழுத்தும் நல்வாழ்வைக் குறிக்கும் எழுத்தும் 'ஹோக்' என்றே ஒலிக்கும். வடசீனப் பொதுமொழியில் இரண்டும் 'ஃபூ'. வௌவாலை வரைந்தால் நல்வாழ்வை எழுதியதாயிற்று. ஐந்து வௌவால்கள் ஐம்பேறுகள். நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலத்தோடு கூடிய அமைதி, அறத்தில் விருப்பம், நல்ல முடிவு என அவற்றைச் சீனரின் பழம்பெரும் நூல் ஒன்று வகுத்துள்ளது.

மறுநாள் அம்மாணவியின் ஏட்டை வாங்கி, என் திருத்தத்தை நானே அடித்துக் கையொப்பமிட்டேன்.

என் பிழையின் வேர்

தமிழாசிரியன் ஒருவன் ஏன் இவ்வாறு தவறினான் என்று ஆராய்தல் நமக்குப் பயன் தரும். அறியாமை ஒரு காரணம். ஆயினும், நான் நன்கு அறிந்திருந்த ஒன்றும் காரணமாயிற்று.

தொல்காப்பியர் வகுத்த உள்ளுறை உவமத்தில் விலங்கும் பறவையும் மரமும் ஆகிய கருப்பொருள்கள் தம் செயலால் பொருள் உணர்த்தும். இம்முறையில் பழகிய கண், எந்த ஓவியத்தைக் கண்டாலும் அவ்வுயிர் என்ன செய்கிறது, எங்கே வாழ்கிறது, அதன் இயல்பு யாது என்றே கேட்கும். நானும் அவ்வாறே கேட்டேன். வௌவால் இருளில் திரியும்; பாழிடத்தில் தங்கும்; ஆகவே அமங்கலம் என்று முடிவு கட்டினேன். ஆனால் பட்டிலிருந்த வௌவாலின் பொருள் அதன் வாழ்க்கையில் இல்லை. அதன் பெயரில் இருந்தது. அது உள்ளுறை அன்று. சிலேடைக்கு நெருங்கிய உறவு.

நெருங்கிய உறவு என்றேனேயன்றிச் சிலேடை என்றே சொல்லவில்லை. காளமேகப் புலவரின் சிலேடைகளில் இரு பொருளும் இறுதிவரை உடன் நடக்கும். ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்வதற்கில்லை. சீனப் பட்டிலோ வௌவால் தன் பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதனை யாரும் வணங்குவதில்லை. 'ஹோக்' என்னும் ஒலியே வீட்டுக்குள் வருகிறது. இவ்வேறுபாட்டை உணராது 'சீனர் வௌவாலைப் போற்றுகின்றனர்' என்று எழுதினால், அது என் சிவப்பு மையைவிடப் பெரும்பிழையாகும்.

பொருள் தரும் மூன்று வழிகள்

பழஞ்சீனப் பூவேலையில் குறிகள் மூன்று வழிகளில் பொருள் தருவதாகக் கொண்டால் மாணவர்க்கு விளங்கும்.

முதலாவது இயல்பு வழி. மாதுளையில் விதை நிறைந்திருப்பதால் அது மக்கட்பேற்றைக் குறிக்கும். குளிரிலும் பசுமை மாறாத ஊசியிலை மரம் நீண்ட ஆயுளைக் குறிக்கும். மணமக்களின் தலையணை முகப்பில் இரண்டு நீர்ப்பறவைகளை இணையாகத் தைப்பர். அவை பிரியாக் காதலின் குறி. அன்றிலையும் மகன்றிலையும் படித்த தமிழ் மாணவன் இக்குறியைப் பிறர் உதவியின்றியே படித்துவிடுவான். இங்கு நம் பழைய கண் நன்றாகவே உதவுகிறது.

இரண்டாவது ஒலி வழி. பொதுமொழியில் பூச்சாடியும் அமைதியும் 'பிங்'. மீனும் மிச்சமும் 'யூ'. மானும் அரசூதியமும் 'லூ'. எனவே சாடி அமைதியையும், மீன் குறையாத வளத்தையும், மான் பதவியையும் குறிக்கும். தாமரையை நாம் தூய்மையோடும் திருமகளோடும் சேர்த்துக் காண்போம். அவர்களுடைய பட்டில் அதற்குப் புத்த சமயத் தூய்மையும் உண்டு. 'லியன்' என்னும் பெயரால் 'இடையறாமை' என்னும் பொருளும் உண்டு. ஒரே பூ, இரு நாட்டில் இரு சொல்.

மூன்றாவது மரபு வழி. எட்டுச் சித்தர்கள் கடல் கடந்த கதையை அறியாதவனுக்குப் பட்டிலுள்ள விசிறியும் சுரைக்குடுக்கையும் குழலும் வெறும் பொருள்களே. கதை அறிந்தவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு சித்தர். சில துணிகளில் சித்தர் உருவமே இராது. அவர்தம் கைப்பொருள் மட்டும் இருக்கும். வேலைக் கண்டு முருகனை நினைக்கும் நமக்கு இது புதிதன்று.

இம்மூன்றையும் அறிந்தபின்னும் ஓர் இடர் உண்டு. விற்பனைப் பட்டியல்கள் சில, துணியில் காணும் ஒவ்வொரு இலைக்கும் முகிலுக்கும் ஒரு தத்துவம் சொல்லும். இவ்வாறு மிகைப்படப் பொருள் கொள்ளுதல் திறனாய்வாகாது. வெற்றிடத்தை நிரப்பவே தைத்த முகில்களும் உண்டு. இடம், இணை, வேளை என மூன்றைக் கேட்டபின்னரே குறி என்று துணிதல் நன்று. உருவம் நடுவிடம் பெற்றுள்ளதா? எதனோடு இணைந்துள்ளது? எந்த வேளையில் விரிக்கும் துணி இது?

இணைக்கு ஒரு சான்று போதும். வௌவால் மட்டும் இருப்பின் நல்வாழ்வு. நடுவில் துளையுடைய காசோடு சேர்ந்திருப்பின் அது முழுத்தொடர் ஆகிவிடும். காசைக் குறிக்கும் சொல்லும் 'முன்' என்னும் சொல்லும் ஒலியால் ஒன்று. காசின் துளைக்குக் 'கண்' என்று பெயர். எனவே 'நல்வாழ்வு கண்முன்னே உள்ளது' என்பது பொருள். தனிச் சொல்லுக்கு அகராதி போதும். தொடருக்கு இலக்கணமும் வேண்டும்.

ஊசியும் பொன்னிழையும்

பொருளைப் பேசுவோர் தொழிலை மறத்தல் கூடாது. இத்துணிகளில் மின்னும் பொன்னிழை முழுதும் பொன்னன்று. பொன்தகடு ஒட்டிய தாளை மெல்லிய கீற்றாக நறுக்கிப் பட்டுநூலின்மேல் சுற்றுவர். அது துணியை ஊடுருவி வருமாயின் அறுந்து உதிரும். ஆகையால் துணியின்மேல் கிடத்தி, வேறொரு மெல்லிய பட்டுநூலால் இடையிடையே கட்டுவர். தென்சீனத்துத் தியோச்சியூ பூவேலையில் உருவத்தின் அடியில் பஞ்சு போன்றவற்றை வைத்துப் புடைக்கச் செய்வதால், சிங்கமும் நாகமும் துணியைவிட்டு எழுந்து வருவன போலத் தோன்றும். விளக்கொளியில் தொலைவிலிருந்து காண வேண்டிய கோயில் துணிக்கு இம்முறை ஏற்றது. கையில் வைத்துக் காணும் சிறு பைகளிலும் தலையணை முகப்பிலும் நுண்முடிச்சுத் தையலைக் காணலாம். எங்கிருந்து காண்பார் என்பதே தையலைத் தீர்மானிக்கிறது.

நிறமும் ஒரு சான்று. 1856இல் பெர்கின் என்னும் ஆங்கிலேயர் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். பின்னர் அத்தகைய சாயங்கள் சீனத்துக்கும் சென்றன. கண்ணைக் கூசும் அவ்வூதாவில் தைத்த துணியை முந்நூறு ஆண்டுப் பழமை என்று எவரேனும் விற்பாராயின் நம்புதற்கில்லை.

பதவிப் பறவை

குறி அரசாணையான வரலாறும் உண்டு. மிங் அரசு 1391இல் அதிகாரிகளின் மேலாடையில் சதுரமான பூவேலைச் சின்னம் அணியும் முறையை வகுத்தது. குடியியல் அதிகாரிக்குப் பறவை, படையதிகாரிக்கு விலங்கு. பின்வந்த சிங் அரசும் இம்முறையைத் தொடர்ந்தது. முதல்நிலைக் குடியியல் அதிகாரிக்குக் கொக்கினத்து நாரை, மூன்றாம் நிலைக்கு மயில் என ஒன்பது நிலைக்கும் ஒன்பது பறவைகள். சிங் காலத்துச் சதுரங்களில் பறவை ஒரு மூலையிலுள்ள கதிரவனை நோக்கி நிற்கும், கதிரவன் பேரரசர். அலையும் பாறையும் அடியில் விரியும்; அவை உலகம். ஒரு முழத்துக்கும் குறைந்த சதுரத்தில் ஓர் அரசியல் தத்துவமே அடங்கிவிடுகிறது.

சிங் அரசின் இறுதிக் காலத்தில் பட்டங்கள் பெருமளவில் விலைபோயின. அக்காலத்துச் சதுரங்கள் சிலவற்றில் பின்னணியைத் தைத்துவிட்டுப் பறவையைத் தனியாகச் செய்து பொருத்தியிருப்பர். பதவி மாறினால் பறவையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்! குறிக்குப் பொருள் குன்றுவதை எந்த வரலாற்று நூலையும்விடத் தெளிவாக இத்துணி காட்டுகிறது. நம் வடபுலத்துச் சீனச் செல்வர் பலரும் அவ்வரசின் பட்டம் பெற்றவர்களே. 1901இல் மறைந்த சுங் கெங் குவீ அவர்களுள் ஒருவர். பினாங்கு சர்ச் தெருவிலுள்ள அவருடைய மாளிகை இன்று பெரனாக்கான் அருங்காட்சியகமாக விளங்குகிறது. மாணவரை அழைத்துச் செல்லத் தக்க இடம் அது.

1912இல் முடியாட்சி வீழ்ந்தது. ஒரே ஆண்டில் அப்பறவைகள் அனைத்தும் வேலையிழந்தன. சதுரங்கள் வெளிநாட்டாருக்கு விலைபோயின. மெத்தையுறையாகவும் கைப்பையாகவும் கண்ணாடிச் சட்டத்துள் அடைபட்ட படமாகவும் மாறின. தொடரிலிருந்து பிடுங்கிய சொல் போல, பட்டு இருந்தது, பேச்சு நின்றது.

கடல் கடந்த குறிகள்

குறி இடம் பெயர்ந்தால் பொருள் அழிந்தே தீருமா? இல்லை என்பதற்கு இரு சான்றுகள் உள்ளன.

கான்டன் துறைமுகத்தில் வணிகம் செய்த பம்பாய்ப் பார்சி வணிகர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் குலப் பெண்களுக்காகச் சீனப் பூவேலைச் சேலைகளைச் செய்வித்துக் கொணர்ந்தனர். 'காரா' என்பது அதன் பெயர். சீனர் தைத்த பூவொன்றைப் பார்சிப் பெண்டிர் 'சிலந்தி' என்று அழைத்தனர். வட்டப் புள்ளிகளை 'வெங்காயமும் உருளைக்கிழங்கும்' என்றனர். சீனப் பொருள் கைவிட்டுப் போயிற்று. ஆனால் அடுப்படியிலிருந்து புதிய பொருள் வந்து சேர்ந்தது. உடுத்தியவர் இட்ட பெயர் அது. அதைப் பிழை என்று சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. 'சீனர் சிலந்தியைத் தைத்தனர்' என்று எழுதுவதே பிழை.

மற்றொன்று நம் வாசலிலேயே உள்ளது. பினாங்கிலும் கெடாவிலும் ஹொக்கியன் மக்கள் புத்தாண்டில் அன்னாசி வடிவத் தோரணம் கட்டுகின்றனர். அன்னாசி அமெரிக்காவிலிருந்து வந்த கனி. அதற்கு ஹொக்கியனில் 'ஓங் லாய்' என்று பெயர். 'வளம் வருகிறது' என்பதும் அவ்வொலியே. பழைய பட்டில் வௌவால் செய்த பணியை இங்கே அன்னாசி செய்கிறது. குறிகளை ஆக்கும் அந்த மனம் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கடாரத்தார் கடமை

இப்பட்டு நமக்கு முற்றும் அயலானதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த 'பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்க நூல், சீனப் பட்டு கங்கை வழியாகத் தமிழகக் கரைக்கு வந்ததைக் குறிக்கிறது. பட்டினப்பாலையில் வரும் காழகத்தைக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். 671இல் சீனத்தை விட்டுப் புறப்பட்ட இட்சிங் என்னும் துறவி, இந்தியா செல்லும் வழியில் கடாரத்தில் தங்கினார். சிலப்பதிகாரத்துக்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார் காட்டும் 36 வகைத் துணிகளுள் ஒன்றின் பெயர் 'பொன்னெழுத்து'. துணியில் எழுத்தைக் கண்ட இனம் நம் இனம்.

மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் உள்ளன. பட்டு இல்லை. ஈரமண்ணில் பீங்கான் நிற்கும், பட்டு மக்கிப்போகும். ஆதலால், அகழ்ந்து எடுத்துப் பிறகு படிக்கலாம் என்று பட்டை ஒத்திப்போடுவதற்கில்லை. பெட்டியைத் திறந்து 'ஹோக்' என்று சொல்லும் மூதாட்டியர் இருக்கும்போதே கேட்டறிய வேண்டும். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. முச்சந்திக் கடைகள் பல மூடப்பட்டுவிட்டன. கடையோடு வாசற்பட்டும் போயிற்று.

இஃது அயலாருக்குச் செய்யும் உபகாரம் அன்று. நம் பெண்கள் உடுத்தும் காஞ்சிப் பட்டின் கரையில் கோபுரமும் உருத்திராக்கமும் அன்னமும் யாளியும் இருக்கின்றன. அவை ஏன் அங்கே உள்ளன என்று கேட்டால் நம் மாணவர் எத்தனை பேர் விடை சொல்வர்? ஆசிரியராகிய நம்முள் எத்தனை பேர்? அடுத்த வீட்டுத் துணியைப் படிக்கக் கற்றவன் தன் தாயின் முந்தானையையும் ஒருநாள் திருப்பிப் பார்ப்பான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரை அண்டை வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரு துணி, அதிலுள்ள ஓர் உருவம், அதன் பெயர், அதை விரிக்கும் நாள் ஆகிய நான்கையும் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அந்தக் கட்டுரையில் வௌவால் வந்தால், திருத்துவதற்கு முன் அந்த வீட்டுக்கு நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள்.